இரண்டங்குலம்

சுவர் பதினோரு மீட்டர். தொடாதீர்கள்
என்று சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.

அறுபத்து மூன்றில், ஹாதர்ஷா நெசவாலைக்குள்
ஓவியர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாராம்,
காலை பத்திலிருந்து மாலை நாலு வரை.
அதற்குள் அகப்பட்டவர்கள் எல்லாரும் இங்கே இருக்கிறார்கள்:
எண்ணெய்க் குவளையோடு ஃபிட்டர்,
பாவு உருளையைத் தோளில் தாங்கும் இருவர்,
கழுத்து நரம்பு மட்டும் கொஞ்சம் மிகை.
தறிகளின் நடுவே வாய் திறந்த பெண்கள்.
பாடுகிறார்களா என்று பள்ளிப் பிள்ளைகள் கேட்கும்.
இல்லை. நானூறு தறி இரைச்சலில்
உதட்டசைவுதான் பேச்சு.
புருஷனைப் பற்றி இருக்கும், இல்லை மீன் விலை.

நடுவில் ஒருத்தி
மற்றவர்களைவிட இரண்டங்குலம் உயரம்.
காலடியில் பழுப்பாக ஒரு செவ்வகம்.
கையேடு, பக்கம் ஏழு:
'உழைப்பைப் பீடத்தில் ஏற்றிய தூரிகை.
பெயர் தெரியாத நெசவாளி.'
இருபது வருடமாக நானும் அதையே சொன்னேன்,
டார்ச்சை அந்தப் பக்கம் அடித்து.

பிப்ரவரி. செவ்வாய். வெளியே பனியும் மழையும் கலந்து.
மருந்துக்கடைப் பையோடு ஒருவர் வந்தார்.
ஹீட்டர் பக்கம் நிற்க வந்தவர் என்றுதான் நினைத்தேன்.
அவர் நேரே நடுச்சுவருக்குப் போய்
அவள் முகத்தைப் பார்த்தார், ரொம்ப நேரம்.
பிறகு காலை.
பிறகு அசல் லங்காஷயர்ப் பேச்சில், சத்தமாக:
"அது என் பலகை."

மெஹர்பான். மீர்ப்பூரிலிருந்து வந்தவர். இரவு ஷிஃப்ட்.
நாற்பத்தொன்று முதல் நாற்பத்தாறு வரை அவர் தறிகள்,
பகலில் அவளுடையவை.
அவர் போய் ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் அவள் வருவாள்.
ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனாலும் தெரியும்:
பெப்பர்மின்ட் தின்பவள்,
காகிதத்தைச் சின்னதாய் மடித்துத்
தறிக்கால் இடுக்கில் செருகுபவள்.
இடக்கைக்காரி, கத்தரி தொங்கும் பக்கமே சொல்லும்.
மக்கர் செய்யும் தறியில் சாக்குக்கட்டியால்
பெருக்கல் குறி போட்டு வைப்பாள்.
"அப்போ எனக்கு இங்கிலீஷ் தெரியாது.
பெருக்கல் தெரியும்."

கல் தரை. டிசம்பரில் குளிர் முழங்கால் வரை ஏறும்.
மார்ஜரின் பெட்டியை உடைத்து ஒரு பலகை செய்தார்.
இரவெல்லாம் அதன்மேல் நின்றார்.
விடியலில், அவளுக்கும் ஆகட்டும் என்று விட்டுப் போனார்.
இரவு வந்து பார்த்தால்
பலகை தூணில் சாய்ந்திருக்கும்.
மறுநாளும். அதற்கு மறுநாளும்.
நம் பலகை அவளுக்கு ஆகாது போல
என்று நினைத்துக்கொண்டாராம்.
இருந்தும் தினம் விட்டுப் போனார்.
"பிடிவாதம்தான், வேறென்ன."

அறுபது வருடம் கழித்து
அவள் அதன்மேல் நிற்கிறாள், இரண்டு காலும் ஊன்றி.
ஓரத்து ஆணி மண்டையைக்கூட வரைந்திருக்கிறார் அந்த ஓவியர்,
அது என்னவென்று யாரையும் கேட்காமல்.

மெஹர்பான் சிரித்தார். இருமினார்.
அப்புறம் கோபம் வந்துவிட்டது.
"கூட்டிப் பெருக்க வசதியாக
எடுத்துச் சாய்த்திருக்கிறாள். அவ்வளவுதானே!
அவ்வளவுதான் விஷயம்.
ஒரு சாக்குக்கட்டி என்னிடமும்தான் இருந்தது."

அவள் பெயர் கேட்டார். கையேட்டைப் புரட்டினேன்,
இல்லை என்று தெரிந்தும்.
இரவு ஷிஃப்ட் எங்கே என்று கேட்டார்.
பதினோரு மீட்டரையும் நடந்து பார்த்தோம்.
எல்லா ஜன்னலிலும் வெயில்.
"நாலு மணிக்கு வீட்டுக்குப் போயிருக்கிறார் மனிதர்,"
என்றார், மெஹர்பான், குறை சொல்வது போலவும் இல்லாமல்.

கிளம்பியவர் திரும்பி வந்தார்.
முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து,
நாற்பத்திரண்டாம் தறியின் காலருகே
கண்ணை இடுக்கித் தேடினார்.
மூக்குக்கும் சுவருக்கும் ஓரங்குலம்.
சென்சார் கத்தியது. கத்தட்டும் என்று விட்டேன்.

"காகிதத்தை விட்டுவிட்டார்," என்றார்.